கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்

ஓசூரில் ஒருவரைப் பார்த்ததும் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பது வழக்கம். கன்னடத்தில் அதற்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். நடைமுறையில் வணக்கம் என்று அர்த்தம். கேட்டவர் பதிலுக்காக நிற்பதில்லை. கேட்கப்பட்டவரும், காலையிலிருந்து பட்டினி கிடந்தாலும், "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. என் பக்கத்து வீட்டு அம்மா மட்டும் அதற்குக் கட்டுப்படவில்லை. அவர் கேட்டுவிட்டு நிற்பார். "ஆச்சும்மா" என்றால், "இன்னா ஆச்சு?" என்பார். உப்புமா என்றால், "யார் கூட?" என்பார்.

நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆள்நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். விடுப்பு, தண்டனை, பதவி உயர்வு, இறந்தவரின் வாரிசுக்கு வேலை என எதைக் கேட்டாலும் எந்தப் படிவம், யார் கையொப்பம், எத்தனை நகல் என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். "யார் கூட?" என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்ததில்லை. என் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் பேரனை வளர்க்கும் அயல்பணியில் இருந்தார். முடிவுத் தேதி குறிப்பிடப்படாத உத்தரவு. பிற்பாடு என்னையும் அதே பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன்.

"தனியாவா துன்னீங்க?" என்று முதல் தடவை அவர் கேட்ட தொனியில், நான் ஏதோ திருடித் தின்றதுபோல் கூசிப்போனேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டிய ஊரில் பிறந்து, மத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கணவரின் தொழிற்சாலை வேலையோடு ஓசூருக்கு வந்தவர். குள்ளம், நல்ல பருமன், வாய் ஓயாத பேச்சு. உலகத்தில் அவரால் பொறுக்க முடியாத காட்சி ஒன்றே ஒன்றுதான்: ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது.

தெருமுனையில் ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பீகாரிலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் மதியத்தில் மணல்மேட்டில் உட்கார்ந்து சப்பாத்தியும் பச்சை மிளகாயும் தின்பார். இந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு எதிரே செங்கல் அடுக்கில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். கொத்தனாருக்கு மூன்றுமே வராது. முதல் நாள் அந்த ஆள் பாதிச் சப்பாத்தியை மடித்து வைத்துவிட்டு எழுந்து, இடைவேளை முடியும் முன்பே கரண்டியை எடுத்துப் பூச ஆரம்பித்துவிட்டார். மேஸ்திரி அனுப்பிய வேவுக்காரர் என்று நினைத்திருப்பார். அம்மா மறுநாளும் போனார். வாரக் கடைசியில் கொத்தனார் அம்மாவுக்கு மிளகாய் நீட்டிக்கொண்டிருந்தார். களியை மெல்லாமல் எப்படி விழுங்குவது என்று அம்மா அவருக்குக் கழுத்தை நீட்டிச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்.

"பேசறது புரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"வாய்ல சோறு இருக்கறப்ப எல்லாரு பேச்சும் ஒரே மாதிரிதான் சார் கேக்கும்."

தெருவில் இப்படி எப்போதாவதுதான். வீட்டில் அது முழுநேர வேலை. அவருடைய கணவரும் இரண்டு மகன்களும் நான் ஓய்வு பெற்ற அதே தொழிற்சாலையில், மூன்று வெவ்வேறு ஷிப்ட் குழுக்களில் இருந்தார்கள். ஒருவர் விடியலில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது இன்னொருவர் நைட் முடிந்து வந்து இறங்குவார். மூன்றாமவர் மதியம் கிளம்புவார். வாரம் மாறினால் ஆள் மாறுவார்களே தவிர ஓட்டம் மாறாது. எந்நேரமும் அந்த வீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவருக்குப் பசிக்கும். தொழிலாளிக்குத் தொடர்ந்து இத்தனை நேரத்துக்குமேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சமையலறை தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வராது.

யார் எப்போது சாப்பிட்டாலும் அவர் கூட உட்கார்ந்து சாப்பிடுவார். அதுவும் அவரவர் சாப்பிடுவதையே. கணவருக்குக் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு. பெரியவனுக்கு வெள்ளைச் சோறு மலைபோல, அதன் தலையில் சாம்பார். சின்னவனுக்கு வீட்டுச் சமையல் தொண்டையில் இறங்காது. பாகலூர் சாலையிலிருந்து கோபி மஞ்சூரியனும் முட்டை பிரைட் ரைஸும் பார்சலில் வரும், கூடவே நைட் ஷிப்டில் தூங்காமல் இருக்கக் குடித்துப் பழகிய ஒரு டின் பானமும் வரும். டின்னைத் தவிர எல்லாவற்றிலும் அம்மாவுக்குப் பங்கு உண்டு.

தின்பதற்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒற்றைச் செங்கல் சுவர் போதுமானதாக இருந்தது. களி தின்ற கணவர் மாடு மாதிரி நிதானமாக இருப்பார். கோபமும் வராது, பேச்சும் வராது. சோற்று மலையை இறக்கிய பெரியவன் இரண்டு மணிநேரம் பிணம்போல் தூங்கி, எழுந்ததும் யார் மீதாவது எரிந்து விழுவான். சின்னவன் டின்னைக் குடித்த இரவில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி. மறுநாள் காலை யாராவது "எந்திரிடா" என்றால் போதும், டம்ளர் பறக்கும். இந்த மூன்றும் அம்மாவின் ஒரே உடம்புக்குள் போயின. காலையில் கணவரைப்போல ஊமையாக இருப்பார், மதியம் பெரியவனைப்போலக் கண் சொருகும், விளக்கு வைக்கும் நேரத்தில் சின்னவனைப்போல ஒன்றுமில்லாததற்குக் கத்துவார். கத்திவிட்டு அரைமணி நேரத்தில் பின்புறச் சுவர் ஓரம் வந்து நிற்பார்.

"கேட்டுச்சா சார்?"

"என்னம்மா?"

"கேக்காத மாதிரியே கேளுங்க. ஏன் கத்துனேன்னு எனக்கே தெரியல. வவுறு திம்முனு இருக்குது. ஆனா பசிக்குது."

பசியில்லாமல் ஏன் தின்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே வாழ்க்கை வரலாறு.

"கல்யாணம் ஆவி மத்தூர்ப் பக்கம் போனன் இல்ல சார், அங்க ஆம்பளைங்க துன்னு, மாமியா துன்னு, நாத்தனாருங்க துன்னு, கடைசில நான் ஒருத்தியே சமையக்கட்டுல குந்துவேன். நல்ல குழம்புதான். உள்ள எறங்காது. அழுவாச்சிதான் வரும். இங்க ஓசூர் வந்தப்ப அவருக்கு நைட் ஷிப்ட். வூட்ல நானும் அவரும்தான். காலைல வந்தாரு, சோறு போட்டுட்டு நின்னன். 'நீயும் குந்து'ன்னாரு. அவ்ளோதான் சார் சொன்னாரு. அன்னிக்குத்தான் எனக்கு சோத்துல உப்பு தெரிஞ்சுது."

ஷிப்ட் முறையை உலகத்தில் எல்லாரும் திட்டி நான் கேட்டிருக்கிறேன். தொழிற்சங்கம் திட்டும், மருத்துவர்கள் திட்டுவார்கள், மனைவிமார் திட்டுவார்கள். அதை நன்றியோடு நினைத்த ஒரே ஆள் இவர்.

இடது கால் கட்டைவிரலில் அவருக்கு ஒரு புண் வந்தது. அரிவாள்மணை விழுந்த சின்னக் கீறல். அது ஆறவில்லை. மஞ்சள் வைத்தார், பிறகு பெரியவன் வாங்கி வந்த களிம்பு, பிறகு ஒன்றும் வைக்கவில்லை. ஆண்கள் மூவரில் ஒருவர் வேலையில், ஒருவர் தூக்கத்தில், ஒருவர் கிளம்பும் அவசரத்தில் என்பதால் நான்தான் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இளம் பெண் மருத்துவர். ரத்தச் சர்க்கரை முடிவைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்பெப்ப சாப்பிடுவீங்கம்மா?"

"அவங்கவங்க வர்றப்ப."

"உங்க சாப்பாட்டைக் கேக்கறேன்."

"அதைத்தான் சொல்றன்."

"இனிமே நேரத்துக்குச் சாப்பிடணும். மூணு வேளை, சின்னத் தட்டு. கீரை, பயறு, காய். களி நல்லதுதான், அதுக்காக உருண்டை உருண்டையா விழுங்கக் கூடாது. பிரைட் ரைஸ் எல்லாம் வேண்டவே வேண்டாம். நேரம் தப்பவே கூடாது."

"யார் நேரத்துக்கு, டாக்டரம்மா?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல் விளம்பரத்தைப் பார்த்தேன்.

"சரி, அவங்க சாப்பிடறப்ப கூட உக்காருங்க. சாப்பிடாம உக்காருங்க."

"அது ஜெயிலு. அங்கதான் ஒருத்தர் துன்றத இன்னொருத்தர் பாத்துக்கினு நிப்பாங்க."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், "வெரலு இல்லாம செருப்பு நிக்குமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் எழுத்துமூலம் கேட்டால் அவர்களை ஒரே ஷிப்ட் குழுவில் சேர்க்கலாம். மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தால் சாப்பாடும் மூன்று வேளையாகிவிடும். விண்ணப்பத்தை நானே எழுதினேன். மூவரும் என்னவென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து மூவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, "வந்து பாருங்க சார், கல்யாணப் பந்தி மாதிரி இருக்குது" என்று என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதாக ஒரு சின்னத் தட்டு, டாக்டர் சொன்ன அளவில், கீரையோடு. அம்மா உட்காரப் போனார். கணவருக்குக் குழம்பு தீர்ந்திருந்தது. எழுந்தார். மறுபடி உட்காரப் போனார். பெரியவன், "ம்மா, அப்பளம்?" என்றான். சின்னவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளரை மட்டும் தூக்கிக் காட்டினான். தண்ணீர் கொண்டுவந்தார். அவர் மூன்றாவது தடவை வந்து தட்டைக் கையில் எடுத்தபோது மூன்று பேரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதம் அவர் சுவர் ஓரம் வந்து சொன்னது இது: "தனித்தனியா வர்றப்ப பேசுவானுங்க சார். பெரியவன் சூப்பர்வைசர் மேல சொல்லுவான். சின்னவன் கெலமங்கலத்துப் பொண்ணு ஒண்ணப் பத்தி சொல்லிக்கினே இருப்பான், அப்பனுக்குத் தெரியாது. அவருகூட எப்பவாவது ரெண்டு வார்த்த பேசுவாரு. இப்ப மூணு பேரும் ஒண்ணா குந்தினா மூணும் ஊமை. துன்னாங்க, எந்திரிச்சாங்க. மறுபடி மாமியா வூட்டுக்கு வந்த மாதிரி இருக்குது."

"நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"குந்தறன். எறங்கல."

மூன்று பேரும் வேலைக்குப் போன பிறகு வீடு ஒன்பது மணிநேரம் காலி. மதியத்துக்கு நான் ஒரு வழி சொன்னேன். எங்கள் இரண்டு வீட்டுப் பின்புறத்துக்கும் நடுவில் இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் அவர் தட்டோடு, இந்தப் பக்கம் நான் தட்டோடு. சில நாள் நடந்தது. என் உப்புமாவைப் பார்த்து முகம் சுளித்து, அதில் கீரையைக் கிள்ளிப் போட வைத்தார். நான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். அவருடைய தட்டு காலியானதை என் கண்ணால் பார்த்தேன். மாலையில் அந்த வீட்டில் கத்தல் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் மதிலுக்கு வந்தார், தட்டு இல்லாமல்.

"வூட்டுக்காரரு வேணாங்கறாரு சார். தப்பா ஒண்ணும் சொல்லல. நாலு பேரு பாக்கற எடத்துல எதுக்கு நின்னுக்கினு துன்னணும்னு கேட்டாரு. நல்ல மனுசன் சார் அவரு."

நல்ல மனிதர்தான். அதை நான் எங்கும் சான்றளிப்பேன்.

"பழையபடி மாத்திக் குடுங்க" என்று கேட்டார். நான் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் இடத்தில் இப்போது இருக்கும் பையன் மரியாதையானவன். "ஒரு வருசத்துக்குக் குழு மாத்த முடியாது சார். அந்த வரியை நீங்கதான சேர்த்தீங்க?" என்றான். ஆட்கள் அடிக்கடி குழு மாறினால் உற்பத்தி கெடும், நல்ல வரிதான். விதிவிலக்கு உண்டா என்று கேட்டேன். "கர்ப்பம், விபத்து, மரணம்" என்று படித்தான். மூன்றையும் நானே எழுதியிருந்தேன். பசி அதில் இல்லை.

அம்மா சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டார். அதற்கு யாரும் துணை வேண்டாம் என்பதால் இருக்கலாம். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு மாத்திரையை விழுங்கினார். ஒரு முற்பகலில் கிரைண்டர் பக்கத்தில் தலை சுற்றி விழுந்தார். விழும்போது அதே விரல் கல்லில் மோதியது. சத்தம் கேட்டு நான் போனபோது வேர்த்து விறைத்துக் கிடந்தார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினேன். கண் திறந்து, "நீங்க குடிச்சீங்களா?" என்றார்.

புண் கறுத்துப்போனது. கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து விரலை எடுத்தார்கள். அந்த ஒன்றோடு நிற்குமா, பாதம் வரைக்கும் போகுமா என்பது இனி சர்க்கரையைப் பொறுத்தது என்றார் அறுவை மருத்துவர். வீட்டில் மூன்று பேரும் பயந்துபோனார்கள். பயத்திலும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள்.

நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவேன். முதல் தடவை போனபோது கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். வார்டின் நடுக்கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்க்கட்டில் பெண்ணை அதட்டிக்கொண்டிருந்தார். "ஏ, கீரைய ஒதுக்காத. நீ ஒதுக்குனா நானும் ஒதுக்குவன், அப்புறம் நர்ஸம்மா என்னத்தான் திட்டும்." வார்டில் சாப்பாட்டு வண்டி வரும் நேரம் மாறாது. வண்டிச் சத்தம் கேட்டதும் பத்துப் பதினைந்து பெண்கள் அவரவர் கட்டிலில் எழுந்து உட்காருவார்கள். ஒரே சோறு, ஒரே கூட்டு, ஒரே ரசம். யாரும் யாருக்காகவும் எழ வேண்டியதில்லை. பேச்சு கட்டிலுக்குக் கட்டில் தாவும். யார் மருமகள் வந்து பார்க்கவில்லை, யாருக்குப் பித்தப்பை, யாருக்கு ஊரில் மாங்காய் இறக்க ஆள் கிடைக்கவில்லை என்பதெல்லாம் இவருக்குத் தெரிந்திருந்தது.

சர்க்கரை இறங்கியது. மருத்துவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் புண் சிவந்து உலர்ந்தது. முகத்தில் இருந்த வீக்கம் வற்றி, நான் பார்த்திராத ஒரு தாடை தெரிந்தது.

"வூடு மாதிரி இல்ல சார் இது" என்றார் ரகசியமாக. "நேரத்துக்குச் சோறு வருது. வர்றப்ப எல்லாரும் குந்தறாங்க. இங்கயே இருந்துடலாமான்னு இருக்குது." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எவ்ளோ நாள் வெச்சிப்பாங்க? ஏதாவது ரூல் இருக்குதா?" என்று கேட்டார். புண் ஆறினால் அனுப்பிவிடுவார்கள் என்றேன். தன் காலைக் குனிந்து பார்த்தார். அது ஆறிக்கொண்டிருந்தது.

அனுப்பும் நாள் மூவரும் வந்தார்கள். மதிய ஷிப்ட் வாரம். மூவரும் சீருடையில், கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். கணவர் துணிப்பையைக் கட்டி முடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ம்மா, எந்திரி. வண்டி வெளிய நிக்குது" என்றான் சின்னவன்.

"போய்ச் சமைக்க வேணாம்மா. வழியில பார்சல் வாங்கிக்கலாம்" என்றான் பெரியவன், பெருந்தன்மையோடு.

அம்மா அவர்களைப் பார்க்கவில்லை. செவிலியரைக் கேட்டார். "நர்ஸம்மா, சாப்பாட்டு வண்டி வர்ற நேரந்தான?"

"டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்குச் சாப்பாடு கிடையாதும்மா. சீட்டு எங்க சார்?" என்று செவிலியர் என்னிடம் கை நீட்டினார்.

சீட்டில் எல்லாக் கையொப்பமும் முத்திரையும் ஆகியிருந்தது. அது என் சட்டைப் பையில் இருந்தது. செவிலியர் கைக்குப் போகாதவரை இந்த அம்மா உள்நோயாளி. உள்நோயாளிக்கு உணவு உண்டு.

"ஒரு கையெழுத்து பாக்கிம்மா. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் டாக்டர் வருவாராம்" என்றேன்.

வண்டி வந்தது. பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அம்மா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கீரையை முதலில் தின்றார். வார்டில் பார்வையாளர்களுக்கு நாற்காலி இல்லை. மூன்று ஆண்களும் நின்றார்கள். பெண்கள் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். சின்னவன் போனில் நேரத்தைப் பார்த்தான்.

"ம்மா, கம்பெனி பஸ் போயிடும்."

எதிர்க்கட்டில் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, உன் வூட்டு ஆம்பளைங்க பாவம், ரொம்ப நேரமா நிக்கறாங்க. எங்கயாவது குந்தச் சொல்லேன்."

அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நிக்கட்டும்" என்றார்.

வண்டிக்காரரிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கி, மீதிச் சோற்றை மெதுவாகப் பிசைய ஆரம்பித்தார்.